தலைவர் ஏவிய கொலை

பனிமலை ஒன்றில் இரண்டு ஓநாய்க் குலங்கள் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டுவந்தன. ஒரு குலத்தின் தலைவர் மொரிக்காகேவின் அடியாள் கென்பெய், அவர் ஏவியபடியே எதிரித் தலைவரின் மகனைக் கொன்றான். அந்தச் சண்டையில் ஒரு கண்ணையும் பறிகொடுத்தான்.

அடுத்த குளிர்காலத்தில் இரை அற்றுப்போகவே, இரு தலைவர்களும் சமாதானமாகி ஒரே மானைப் பங்கிட உட்கார்ந்தார்கள்.

"என் மகனைக் கொல்லச் சொன்னது யார்?" என்று கேட்டார் எதிரித் தலைவர்.

"நான் சொல்லவில்லை. இவன்தான் தன் இஷ்டத்துக்குச் செய்துவிட்டான்," என்றார் மொரிக்காகே, பக்கத்தில் நின்ற கென்பெயைக் காட்டி.

கென்பெய் தலைவரை ஏறிட்டுப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் மறுபடியும் போர் மூளும். குட்டிகள் பட்டினியில் சாகும்.

"ஆமாம் பிரபு, நானேதான் செய்தேன்," என்று தலைகுனிந்தான்.

எதிரிகள் அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். தலைவர் ஒருமுறையாவது தன்னைப் பார்ப்பார் என்று அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"ஈரல் யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் மொரிக்காகே.