வட்டப் புள்ளி

வேலை விஷயமாக வெளிமாநிலம் போன என் வீட்டுக்காரர், ஞாபகத்துக்கு ஏதாவது வாங்கி வருவார் என்று பார்த்தால், முழங்கையில் பச்சை குத்திக்கொண்டு வந்து நின்றார். ‘சாப்பிட்டீங்களா?’ தினமும் நான் கேட்கிற கேள்வி, தமிழிலேயே.

“அந்த ஊர்ல யாருக்குத் தமிழ் தெரியும்?”

“குத்தின பொண்ணுக்குத் தெரிஞ்சுது. அவளே எழுதினா.”

“அழகா இருந்தாளா?”

“மாஸ்க் போட்டிருந்தா.”

கையை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன். மெய்யெழுத்துகளின் மேல் புள்ளிக்குப் பதில் குட்டிக் குட்டி வட்டம். மூன்று வருடமாக இந்தக் கையெழுத்தின் முகத்தில்தான் விழித்துக்கொண்டிருக்கிறேன். உப்பு, பருப்பு, சர்க்கரை என்று சமையலறை டப்பாக்களில் மூத்தாள் எழுதி ஒட்டியது. அவள் செத்து ஐந்து வருடம். அந்தச் சீட்டுகளைக் கிழிக்க இவர் விடுவதில்லை.

“வேற என்ன சொன்னா?”

சாக்ஸைக் கழற்றியபடி சொன்னார்: “உன்னை விசாரிச்சா. உப்பு டப்பா மூடி இன்னும் இறுகுதான்னு கேட்டா. எதுக்குன்னுதான் புரியல.”

துணி சுற்றித்தான் தினமும் அந்த மூடியைத் திருகுகிறேன். மூத்தாளிடம் தோற்றதாக ஆகிவிடுமே என்று இவரிடம்கூடச் சொன்னதில்லை.