மெட்டி மறைத்த புள்ளி

அக்குபஞ்சர் வைத்தியம் பார்க்கும் அந்த அம்மா நாடியைப் பிடித்தபடி, தலைவலி எத்தனை வருஷமாக இருக்கிறது என்று பூரணியிடம்தான் கேட்டாள். பதில் சொன்னது அவள் புருஷன் தனசேகர். "ஆறு வருஷமா இருக்குங்க." தூக்கம் வருகிறதா என்றால், "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா." பூரணி கண்ணயர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்ற கேள்விக்கும் அவனே வாயைத் திறந்தான். அவளுக்கு நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது.

"கோபம் கல்லீரல்ல தேங்கி நிக்குது. அதுதான் தலைக்கு ஏறுது" என்ற அந்த அம்மா, சுவரில் உடம்பெல்லாம் புள்ளியோடு நின்ற சீனப் படத்து மனிதனின் பாதத்தைத் தொட்டுக் காட்டினாள். "கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல ஒரு ஊசி போட்டா எறங்கிடும். மெட்டியக் கழட்டும்மா."

"மெட்டியெல்லாம் கழட்ட மாட்டா. வேற எடத்துல குத்துங்க" என்றான் தனசேகர். "எப்படியாவது அந்தக் கோபத்த எறக்கிவிடுங்க. வீட்ல மனுசன் இருக்க முடியல."

பூரணி குனிந்தாள். பதினோரு வருஷத்து மெட்டி சதையில் பதிந்து கிடந்தது. திருகினாள். தோல் உரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததும் கழன்று வந்தது. புருஷனின் உள்ளங்கையில் அதை வைத்து, அவன் விரல்களை மூடினாள்.

ஊசி நெருங்கியது. "வலிச்சா சொல்லும்மா."

"அதெல்லாம் தாங்குவா" என்றான் அவன்.

பூரணி காலை இழுத்துக்கொண்டாள்.

"தலைவலிய மட்டும் எடுக்க முடியுமாம்மா?" என்றாள். "கோபம் எனக்கு வேணும்."