பாஞ்சாலி வீட்டுக் கிழங்கு மேடு

"எங்க வூட்டு சோத்தத் தின்னுட்டு எங்க கெழங்கு மேட்டையே காட்டிக் குடுக்கறியாடி? நல்லா இருப்பியா நீ?"

பாஞ்சாலியின் குரல் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். எதிர்வீட்டு ராணியம்மாள் கொதிக்கிற குழம்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். மற்றவர்கள் ஏற்கெனவே நல்ல இடமாகப் பார்த்து நின்றாகிவிட்டது.

திட்டு வாங்கியவள் சசிகலா. மாரண்டஹள்ளிப் பெண். காட்டு உணவுச் செடிகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். மழைக்காலம் முழுக்கப் பாஞ்சாலி வீட்டில்தான் தங்கல், சாப்பாடு எல்லாம். இன்று அவளுடைய பேராசிரியர் நவநீதன் ஜீப்பில் வந்து இறங்கியிருக்கிறார். பின்னாலேயே ஒரு டெம்போவில் கம்பி வேலியும் வந்துவிட்டது.

"கோபப்படாதீங்கம்மா. உங்க கவலைக்கிழங்கு ரொம்ப அபூர்வமான ரகம். உலகத்துக்கே பயன்படப் போகுது" என்றார் பேராசிரியர்.

"ஒலகத்துக்குப் பசிச்சா எங்க வூட்டுக் கெழங்குதான் கெடச்சுதாங்க? போன வருசம் மாதையன் வூட்டு மேட்டுக்கும் இதையேதான் சொன்னீங்க. வேலி போட்டீங்க, போர்டு வெச்சீங்க. இப்ப அவன் பொண்டாட்டி கடப்பாரையோட போனா, திருடியத் தொரத்தற மாதிரி வாட்ச்மேன் தொரத்தறான்!"

"செடியைப் பாதுகாக்கத்தாம்மா..."

"யாருகிட்டருந்துங்க? கெழங்க வெட்டிக்கிட்டு, மறுபடி மொளைக்கட்டும்னு கொடியோட தலைய மண்ணுலயே பொதச்சிட்டு வர்ற எங்ககிட்டருந்தா?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் காட்டில் ஒரு கிழங்கு மேடு உண்டு. அது எங்கே என்று வீட்டுக்கு வாழ வரும் மருமகளுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் கூட்டிப் போய்க் காட்டுவாள். பெற்ற மகளுக்குச் சொன்னால் போகிற வீட்டுக்குக் கொண்டு போய்விடுவாள் என்று அவளுக்குக்கூடச் சொல்வதில்லை. ஆண்களுக்கோ கிழங்கு தட்டில் விழுந்தால் போதும்.

"அப்ப இவளுக்கு எப்படிடி தெரிஞ்சுது?" ராணியம்மாள் விடவில்லை.

"திருட்டுத்தனமா எம் பின்னாலயே வந்து பாத்திருக்காளே, அக்கா!"

சசிகலா தலை நிமிரவில்லை. "சார் கேட்டா நான் காட்டித்தானம்மா ஆகணும்" என்று முனகிவிட்டு, கிழக்கே தெரிந்த கரட்டுக் குன்றைப் பார்த்து நடந்தாள். பேராசிரியர் பின்னால் போனார். பாஞ்சாலி மண்ணை வாரித் தூற்றினாள்.

"இனிமே எங்க வூட்டுப் படிய மிதிச்சிப் பாரு!"

மினி பஸ் ஓட்டும் மகன் குரு மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெற்றவளுக்காக ஒரு வார்த்தை பேசாதவன் என்று அவனுக்கும் அன்றே பெயர் வைத்தாகிவிட்டது.

கரட்டில் படர்ந்திருந்த கொடியைக் கண்டதும் பேராசிரியருக்கு முகமெல்லாம் சிரிப்பாம். சாயங்காலத்துக்குள் வேலி எழும்பியது. போர்டும் நின்றது: 'ஆய்வு நிலம். உள்ளே நுழையாதீர்.' பாஞ்சாலி வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. தெருவே சசிகலாவைச் சபித்தது.

தை மாதம் குருவுக்கும் அதே சசிகலாவுக்கும் கல்யாணம் என்றார்கள்.

"இந்தப் பாஞ்சாலிக்குச் சூடு சொரணையே கெடையாதா?" என்று கேட்டபடியே ராணியம்மாள் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வாங்கினாள்.

மறுநாள் விடிந்ததும் மாமியாரும் மருமகளும் கடப்பாரையோடு கிளம்பினார்கள். வேலிக்குள் இருக்கும் மேட்டை எப்படித்தான் காட்டப் போகிறாள் என்று பார்க்கத் தெருவே வாசலுக்கு வந்தது. இருவரும் கிழக்குக் கரட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேற்கே ஓடைக்குள் இறங்கினார்கள். அதிலும், வழிகாட்ட வேண்டிய பாஞ்சாலி பின்னால் வர, புது மருமகள்தான் முன்னால் நடந்தாள்.