கோயில் மாட்டின் கழுத்து

வண்டிச் சக்கரம் ஓடைச் சேற்றில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. மயிலைக் காளை முழங்கால் மடிந்து விழுந்து கிடந்தது. நுகத்தடி அதன் கழுத்தை அழுத்தியது. வண்டிக்காரர் ஆள் கூப்பிட ஊருக்குள் ஓடியிருந்தார்.

கரையில் கோயில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. சாமிக்கு நேர்ந்துவிட்ட மாடு. அதன் கழுத்தில் நுகத்தடி படவே கூடாது என்பது ஊர்க்கட்டு.

“வேடிக்கை பாக்கியாடா? வந்து அடியில கழுத்தக் குடுத்துத் தூக்கு. இவனுக்கு மூச்சு முட்டுது,” என்றது ஜோடி மாடு செவலை.

“நான் வேலை செஞ்சா சாமி குத்தம்ண்ணே.”

“இந்த மூட்டையில இருக்கிறது உன் சாமிக்குப் பொங்கல் வைக்கிற அரிசிதான். நாங்க இழுத்தா புண்ணியம், நீ தொட்டா குத்தமா?”

கோயில் மாட்டுக்கு ஊரார் வாழைப்பழம் கொடுத்திருக்கிறார்கள், தொட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள். அதனிடம் உதவி என்று யாரும் கேட்டதே இல்லை.

மயிலை கண்ணைத் திறக்காமலே சொன்னது: “விடு செவல. அவனுக்குப் பழக்கமில்ல.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும். கோயில் மாடு சேற்றில் இறங்கியது. நுகத்தடிக்கு அடியில் கழுத்தை நுழைத்து, கால் நடுங்க நடுங்கத் தூக்கியது. மயிலை ஒரு மூச்சை இழுத்து விட்டது.

அதற்குள் வண்டிக்காரரோடு ஓடிவந்த பூசாரி கரையிலேயே பதறிப்போய்க் கும்பிட்டார்.

“ஐயோ சாமி! நீ இதெல்லாம் செய்யக் கூடாது சாமி! கழுத்த எடு!”

அது எடுக்கவில்லை.