தோற்றவர் போடும் டீ

கால்வாயின் இந்தக் கரையில் அவள் ஓடுவாள், எதிர்க்கரையில் கணவர். ஒரே கரையில் ஓடினால் அவர் வாய் ஓயாது என்று அவள் செய்த ஏற்பாடு அது. பாலத்துக்கு முதலில் வருபவர் கைப்பிடிச் சுவரில் ஒரு கூழாங்கல்லை வைக்க வேண்டும். தோற்றவர் வீட்டுக்குப் போய் டீ போட வேண்டும். பெரும்பாலும் தோற்பது அவர்தான். சர்க்கரையை அள்ளிக் கொட்டுவார். "இது டீயா, பாகா?" என்று எரிந்து விழுவாள்.

அவர் கண்ணை மூடிய பிறகும் அவள் ஓட்டத்தை விடவில்லை. தினமும் அவளுக்கு முன்பே பாலத்துச் சுவரில் ஈரம் காயாத ஒரு கல் இருந்தது. யாரிடமும் மூச்சு விடாமல் வீட்டுக்கு வந்து டீ போட்டாள்.

இன்று உயிரைக் கொடுத்து ஓடினாள். சுவரில் ஒன்றுமில்லை. தன் கல்லை வைத்துவிட்டு எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வயல்வெளி முடிகிறவரை ஆள் நடமாட்டமே இல்லை.

வீட்டில், அப்போதுதான் எழுந்த மகள் முகத்தைச் சுளித்தபடி டம்ளரை நீட்டினாள்.

"எப்பம்மா வந்து டீ போட்டே? வாயில வைக்க முடியல, ஒரே சர்க்கரை!"

டம்ளர் சுட்டது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் குடித்தாள். அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையையும் விரலால் வழித்துத் தின்றாள்.