ஒல்லி ஓக் வேண்டாம்

"இது மரமா, கொடிக்கம்பமா? இதுக்கடியில ஒரு பூனை கூட ஒதுங்க முடியாது!"

மண்வெட்டியைத் தரையில் குத்தி நிறுத்திவிட்டுக் கத்தினார் எவரெட். ஐம்பதைத் தாண்டிய ஆள். மிசூரி வெயிலில் அவர் கழுத்து செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. அவரும் லோனியும் காலையிலிருந்து தோண்டிய குழி மைதானத்தின் நடுவே தயாராக இருந்தது.

வாராவாரம் தோட்டக்கலை வகுப்பு எடுக்க வரும் ஹாகன் மேடம், தள்ளுவண்டியில் மூன்று ஓக் கன்றுகளைக் கொண்டுவந்திருந்தார்.

"கோவப்படாதீங்க எவரெட். இந்த ஒல்லி ஓக் பக்கவாட்டுல படராது, நேரா மேலதான் போகும். மேலிடத்துல இதைத்தான் வைக்கச் சொல்றாங்க. படர்ற மரம் மைதானத்தை மறைக்குமாம்."

"மறைச்சா என்ன குடி முழுகிடும்? இந்தப் பொட்டல்ல ஒரு பொட்டு நிழல் கிடையாது. போன தடவையும் அவங்க இஷ்டத்துக்குத்தான் 'பின் ஓக்'னு ஒரு வகையை வச்சாங்க. நம்ம சுண்ணாம்பு மண்ணுக்கு அது ஆகாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டா? இலையெல்லாம் மஞ்சளாகிச் செத்துப்போச்சு. வெயில்ல காயறவன் நான். மரத்தைத் தேர்ந்தெடுக்கறது ஏசி ரூம்ல உக்காந்திருக்கறவங்களா?"

"அப்படிப் போடுங்கண்ணே!" என்று சிரித்தான் லோனி. எவரெட்டை விட இருபது வயது இளையவன்.

"நீ சிரிக்காதடா. எனக்கு வயிறு எரியுது."

ஹாகன் மேடம் ஒல்லி ஓக்கை எடுத்து வண்டியின் ஓரமாக ஒதுக்கினார். "சரி, மேலிடத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன். சிவப்பு ஓக்கா, வெள்ளை ஓக்கா? சீக்கிரம் சொல்லுங்க."

"வெள்ளை" என்றார் எவரெட்.

"சிவப்பு" என்றான் லோனி.

எவரெட் முறைத்தார். "டேய், வெள்ளை ஓக் முன்னூறு வருஷம் நிக்கும். குடை மாதிரி விரியும்."

"விரியறதுக்குள்ள உங்களுக்குப் பல்லெல்லாம் கொட்டிடும். சிவப்பு வேகமா வளரும். பத்துப் பன்னெண்டு வருஷத்துல அடியில உக்காரலாம்."

"எனக்கென்ன அவசரம்? எனக்கப்புறம் வர்றவனும் உக்கார வேண்டாமா? நீ வெள்ளிக்கிழமை மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பற ஆளு. உனக்கெதுக்குடா இந்தப் பஞ்சாயத்து?"

லோனியின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"கிளம்பறதாலதான் கேக்கறேன்! போன ஜூலைல இதே இடத்துல மயங்கி விழுந்தீங்களே, யார் தூக்கிக்கிட்டு ஓடினா? இனிமே யார் தூக்குவா? எவனோ பின்னால வரப்போறவனுக்கு நிழல் பாக்கறீங்க. உங்க மண்டை காயறது உங்களுக்கே உறைக்கலையா?"

பதிலுக்குக் காத்திராமல் சிவப்பு ஓக்கைத் தூக்கிக் குழிக்குள் வைத்தான். எவரெட் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினார்.

"ரொம்ப ஆழமா வைக்காதடா, வேருக்கு மூச்சு முட்டும்" என்று முணுமுணுத்தார்.

தண்ணீர் ஊற்றும்போது லோனி மெல்லச் சொன்னான். "வளர்ந்ததும் ஒரு தடவை வந்து பாக்கறேண்ணே."

எவரெட் மறுபடி வெடித்தார்.

"மரத்தைப் பாக்கறேன், மட்டையைப் பாக்கறேன்னு திரும்ப இந்தப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிடுவேன்!"

சைரன் ஊதியது. மண்வெட்டிகளை ஹாகன் மேடம் எண்ணி வாங்கிக்கொண்டார். முதுகில் எண் அச்சடித்த சட்டையோடு இருவரும் வரிசையில் போய் நின்றார்கள். வெள்ளிக்கிழமை விடுதலையாகிறவன் தன் கொட்டடிக்குள் நுழைய, சாகும்வரை அங்கேயே இருக்கவேண்டியவரின் கம்பிக்கதவைக் காவலர் இழுத்துப் பூட்டினார்.