தலை தட்டிய கால் கப்

எடை மெஷினில் எண் வரவில்லை.

தட்டிப் பார்த்தான். பேட்டரியைக் கழற்றி, தேய்த்து, மறுபடி போட்டான். ஊஹூம்.

துருவிய சீஸ் தட்டில் காத்திருந்தது. சாப்பாட்டு மேசையில் மகள் ஆதிரை காத்திருந்தாள். ஆறு வயது. நல்ல பசி.

சோறு கிடையாது, இட்லி கிடையாது. வெண்ணெய், முட்டை, சீஸ். எல்லாம் கிராம் கணக்கு. வலிப்புக்குக் கொடுத்த மாத்திரைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகு டாக்டர் சொன்ன கடைசி வழி இந்தச் சாப்பாடு. இதற்கும் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று அவன் கேட்டான். டாக்டர் தண்ணீர் குடித்தார்.

அளப்பதெல்லாம் மனைவி மேகலாதான். அவனை விடமாட்டாள். அவன் வளர்ந்த வீட்டில் அளவு என்றால் குவித்துத்தான். தலை தட்டுவது கஞ்சன் வேலை. படியோ கரண்டியோ, கோபுரம் கட்டாமல் அவன் கை நிற்காது. உங்க கைக்குக் கால் கப்புன்னா அரை கப்பு என்று மேகலா கேலி செய்வாள்.

தீபாவளியிலிருந்து வலிப்பு வரவில்லை. அந்தத் தைரியத்தில்தான் தங்கையின் வளைகாப்புக்குக் கரூர் போயிருந்தாள்.

சாப்பாட்டு அளவு எழுதிக் கொடுத்த டயட்டீஷியனுக்குப் போன் செய்தான். முப்பது கிராமுக்குப் பதில் துருவியது கால் கப், அழுத்தாமல், ஏறக்குறைய சரியாக இருக்கும் என்றார்.

ஏறக்குறைய. அந்தச் சொல் அவனைப் பயமுறுத்தியது.

கப்பில் அள்ளிப் போட்டான். வழக்கம்போலக் கோபுரம் நின்றது.

கத்தியின் முதுகால் வழித்தான். வாழ்நாளில் முதல் தடவையாகத் தலை தட்டினான். குனிந்து, கண்ணை விளிம்புக்குக் கொண்டுவந்து பார்த்தான். ஒரு துருவல்கூட மேலே நிற்கவில்லை.

வழித்தது தட்டில் விழுந்தது. ஆதிரை அதையே பார்த்தாள்.

"அது யாருக்குப்பா?"

யாருக்கும் இல்லை என்றான். அவள் அடம் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் தேவலை.

கொடுத்ததைச் சாப்பிட்டாள். காலிக் கப்பின் உள்ளே விரலால் துழாவி நக்கினாள்.

மதியத்துக்குள் வந்துவிட்டது.

முதலில் வலது கை. பிறகு உடம்பு முழுக்க. ஒருக்களித்துப் படுக்க வைத்தான். வாயோரம் துடைத்தான். எல்லாம் அடங்கி அவள் தூங்கிப்போன பிறகும் கையை எடுக்கவில்லை.

மேகலாவிடம் சொல்லாமல் முடியாது. சொன்னான். மெஷின் போனதையும், கப்பில் அளந்ததையும் சொன்னான்.

அந்தப் பக்கம் வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"குவிச்சுப் போட்டுட்டீங்களா?"

அது கேள்வி இல்லை. கெஞ்சல்.

மேசையில் கப் இருந்தது. பக்கத்தில் தட்டு. தட்டில் அவன் வழித்த சீஸ் காய்ந்துகொண்டிருந்தது.

"ஆமா. கைப்பழக்கம். கோபுரமாப் போட்டுட்டேன்."

திட்டினாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். ஒரு கால் கப் அளக்கத் துப்பில்லையா, அதான் வந்திருக்கு, நாளைக்கு நான் வந்து அளந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். திட்டத் திட்டக் குரலில் தெம்பு ஏறியது.

அவன் சரி சரி என்று கேட்டுக்கொண்டான்.

போனை வைத்ததும், வழித்த சீஸை ஒரு துணுக்கு விடாமல் அள்ளி வாயில் போட்டு விழுங்கினான். தட்டைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தான்.